நீர் பொது, படுகை யாருடையது? மேற்கு அமெரிக்க ஆறுகளில் படகோட்டிகளின் வழியுரிமை



1976 ஜூலை 3. அமெரிக்க விடுதலையின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு முந்திய நாள். கொலராடோ மாநிலத்தின் கிராண்ட் கவுன்ட்டியில், கொலராடோ ஆற்றின் மேற்பகுதியில், சிலர் சிறு மிதவைகளில் ஏறி ஆற்றோடு போனார்கள். ஏறிய இடம் அரசு நிலம். வழியில் ஆறு ஒரு மாட்டுப் பண்ணையின் ஊடாகப் பாய்கிறது. இரு கரையும் பண்ணைக்குச் சொந்தம். தண்ணீருக்கு அடியில் கிடக்கும் கல்லும் மணலும் பண்ணைக்கே சொந்தம். ஆற்றின் குறுக்கே ஒற்றை முள்கம்பி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. மிதந்து வந்தவர்கள் கரையில் ஏறவில்லை, ஆற்றிடைத் திட்டுகளில் இறங்கவில்லை. பாறையில் மோதாமலிருக்கவும் அந்த முள்கம்பியில் சிக்காமலிருக்கவும் அவ்வப்போது காலை ஆற்றின் அடியில் ஊன்றினார்கள். அதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். அத்துமீறி நுழைந்தார்கள் என்று தண்டனை பெற்றார்கள். 1979-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. எம்மர்ட் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

ஆறு பொதுவானது என்று வாயால் ஒப்புக்கொண்டு, அதன் அடியைத் தொட்டால் குற்றம் என்று சொல்கிற சட்டம், கொடுத்த உரிமையைக் கொடுத்த கையாலேயே பறித்துக்கொள்கிறது. இதைத்தான் இன்று உங்கள் முன் வாதிட வந்திருக்கிறேன். மேற்கு அமெரிக்க மாநிலங்களை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒரே மலைத்தொடரில் பிறக்கும் ஆறுகளுக்கு, எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் வேறு நீதி. அருகருகே வைத்துப் பார்த்தால் எது நியாயம் என்பது விளங்கிவிடும்.

கொலராடோவின் அரசியலமைப்பு 1876-இல் எழுதப்பட்டது. அதன் பதினாறாம் உறுப்பு, ஐந்தாம் பிரிவு, இயற்கை ஓடைகளின் நீர் பொதுமக்களின் சொத்து என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எம்மர்ட் வழக்கில் மிதவைக்காரர்கள் நம்பியது அதைத்தான். நீர் எங்களுடையது என்றால் அதன் மேல் போவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள். பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அந்தப் பிரிவு வயலுக்கும் சுரங்கத்துக்கும் தண்ணீரைப் பங்கிடுவதற்காக எழுதப்பட்டது, படகு விடுவதற்கு அல்ல என்றார்கள். நிலம் யாருடையதோ, அதற்கு மேலுள்ள வெளியும் அவருடையது என்ற பழைய ஆங்கிலச் சட்ட விதியைத் துணைக்கு அழைத்தார்கள். படுகை பண்ணைக்காரருடையது, ஆகவே படுகைக்கு மேல் ஓடும் நீரின் பரப்பில் யார் போகலாம் என்பதும் அவர் இஷ்டம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1977-இல், சட்டமன்றம் அத்துமீறல் சட்டத்தைத் திருத்தியது. கலம் செல்லத்தகாத ஆறுகளின் கரையும் படுகையும் தனியார் இடத்தில் சேரும் என்று எழுதியது. திருத்தத்தில் நீரைப் பற்றிப் பேச்சில்லை. இதை வைத்து 1983-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒரு கருத்துரை வழங்கினார். கரையையும் படுகையையும் தொடாமல் மிதந்து போனால் அது குற்றமாகாது என்றார். அது கருத்துரைதான், நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. குற்றவியல் வழக்கு வராது என்றாலும், நில உரிமையாளர் உரிமையியல் வழக்குத் தொடர்வதை அது தடுக்கவில்லை. கொலராடோவில் ராஃப்ட் விடும் தொழில் நடப்பதும், ஆயிரக்கணக்கானோர் கயாக்கில் போவதும் இந்த மெல்லிய நூலைப் பிடித்துக்கொண்டுதான்.

தொடாமல் மிதப்பது என்றால் என்ன என்று ஆற்றில் போனவர்களைக் கேளுங்கள். பனி உருகும் மாதங்களில் நீர் நெஞ்சுக்கு மேல் இருக்கும். ஆகஸ்ட் கடந்ததும் கூழாங்கல் மேடுகள் தலைகாட்டும். ரப்பர் மிதவையின் அடி அங்கே உரசாமல் இருக்காது. புயலில் சாய்ந்த மரம் ஆற்றின் குறுக்கே கிடந்தால், அதன் கிளைகளுக்குள் நீர் புகுந்து போகும், மனிதர் போக முடியாது. ஆற்றில் போகிறவர்கள் மிகவும் அஞ்சுவது இப்படிப்பட்ட மரங்களைத்தான். அங்கே பிழைக்க ஒரே வழி, முன்கூட்டியே இறங்கி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போவது. பாசனத் தடுப்பணைகளும் அப்படியே. வெளியே தணிந்து தெரியும், கீழே சுழன்று உள்ளிழுக்கும். இறங்காதே என்று சட்டம் சொன்னால், உயிரைப் பணயம் வைத்துக் கீழ்ப்படி என்று சொல்வதாகிறது. கொலராடோ ஆற்றில் அந்த மிதவைக்காரர்கள் காலை ஊன்றியதற்கு ஒரு காரணம் பண்ணைக்காரர் கட்டிய முள்கம்பி என்பதை மறந்துவிடக் கூடாது. தடையைப் போட்டவர் புகார் தரப்பில் நின்றார். தடையிலிருந்து தப்பியவர்கள் குற்றவாளிகளாக நின்றார்கள்.

எம்மர்ட் தீர்ப்பின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதைவிட ஆழமானது. அதே பதினாறாம் உறுப்பில் இரண்டு பிரிவு தள்ளி, ஏழாம் பிரிவைப் படியுங்கள். பாசனத்துக்கோ சுரங்கத்துக்கோ ஆலைக்கோ தண்ணீர் கொண்டுபோக வேண்டுமானால், அடுத்தவர் நிலத்தின் ஊடாக வாய்க்கால் வெட்டிச் செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது அது. நியாயமான இழப்பீடு கொடுத்தால் போதும், நிலத்துக்காரர் மறுக்க முடியாது. வறண்ட நாட்டில் இந்த ஏற்பாடு இல்லாமல் உழவு இல்லை என்று கொலராடோவின் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். மாநிலம் பிறப்பதற்கு முன்பே, 1872-இலேயே, அங்கிருந்த நீதிமன்றம் இதை ஏற்றிருந்தது. ஆகவே நிலவுடைமை என்பது தண்ணீருக்கு முன் அசையாத மதில் என்று கொலராடோ ஒருபோதும் கருதியதில்லை. வாய்க்கால் அடுத்தவர் நிலத்தைக் கிழித்துக்கொண்டு என்றென்றைக்கும் அங்கே கிடக்கும். படகு அரைமணி நேரத்தில் கடந்துவிடும், தடம்கூட மிஞ்சாது. முன்னதற்கு வழிவிட்ட சட்டம் பின்னதற்கு ஏன் முகம் திருப்ப வேண்டும்?

கேளிக்கைக்காகப் போவதற்கெல்லாம் உரிமையா என்று கேட்கலாம். அதற்கும் பதில் கொலராடோவிலேயே இருக்கிறது. 2001-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. நகரங்கள் தங்கள் ஆற்றில் கயாக் விளையாட்டுக்கான ஓட்டத்தைக் காப்பாற்ற நீருரிமை பெறலாம் என்றது. சில நகரங்கள் அப்படிப் பெற்றும் இருக்கின்றன. கயாக் ஓட்டுவது தண்ணீரின் பயனுள்ள உபயோகம் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதே கயாக்கின் அடி கல்லில் உரசினால் அத்துமீறல் என்கிறது இன்னொரு சட்டம்.

இனி, கலம் செல்லத்தக்க ஆறு எது என்ற கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் எல்லாம் இதில்தான் சுழல்கிறது. ஒரு மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்த நாளில் கலம் செல்லத்தக்கதாக இருந்த ஆறுகளின் படுகை மாநில அரசுக்கு வந்துவிடும். மற்ற ஆறுகளின் படுகை கரை நிலத்தோடு தனியாருக்குப் போகும். எதைக் கலம் செல்லத்தக்கது என்பது? 1870-இல் மிச்சிகனின் கிராண்ட் ஆற்றில் ஓடிய 'டேனியல் பால்' என்ற நீராவிக் கப்பல் தொடர்பான வழக்கில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது. இங்கிலாந்தில் கடலேற்றம் எட்டும் இடம் வரைதான் பொது ஆறு என்ற கணக்கு உண்டு. பெரிய கண்டத்தின் ஆறுகளுக்கு அது பொருந்தாது. இயல்பான நிலையில் வணிகத்துக்குப் பயன்பட்டதா, பயன்படக்கூடியதா என்று பார் என்றது நீதிமன்றம். மேய்ன், மிச்சிகன் போன்ற காட்டு மாநிலங்களின் நீதிமன்றங்கள் அதற்கும் முன்பே இன்னும் எளிய சோதனை வைத்திருந்தன. வெட்டிய மரக்கட்டை மிதந்து போகுமா? போகுமென்றால் அது பொது வழி.

இதனால் இன்றும் வழக்கறிஞர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுகிறார்கள். எந்த ஆண்டு, எந்தக் கம்பெனி, எத்தனை ரயில் சிலீப்பர் கட்டைகளை எந்த ஆற்றில் மிதக்கவிட்டது என்று தேடுகிறார்கள். இன்று உயிரோடிருக்கும் மனிதர் இன்றைய ஆற்றில் போகலாமா என்பதை நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய மரக்கட்டை தீர்மானிக்கிறது.

இதிலிருந்து மொன்டானா வெளியேறிய கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மிசௌரி ஆற்றின் துணையாறு டியர்பார்ன். அதன் கரையில் நிலம் வைத்திருந்த ஒருவர் தம் எல்லைக்குள் ஓடும் பல மைல் ஆறு தமக்கே சொந்தம் என்று பொதுமக்களைத் தடுத்தார். மீன்பிடிப்போரும் படகோட்டிகளும் கூட்டமைப்பாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கரன் என்ற அவர் பெயரால் வழங்கும் அந்த வழக்கு 1984-இல் மொன்டானா உச்ச நீதிமன்றத்தில் தீர்ந்தது. 1887-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் சிலீப்பர் கட்டைகள் டியர்பார்னில் மிதந்து போனதற்குச் சான்று இருந்தது. மொன்டானா மாநிலமானது 1889-இல். ஆகவே பழைய சோதனையிலேயே கூட்டமைப்பு வென்றிருக்கலாம். நீதிமன்றம் அங்கே நிற்கவில்லை. 1972-இல் எழுதிய புதிய அரசியலமைப்பை எடுத்து வைத்துப் பேசியது. மாநிலத்தின் நீர் அனைத்தும் மக்களின் பயன்பாட்டுக்காக மாநிலத்துக்குச் சொந்தம் என்கிறது அது. அப்படியானால் படுகை யாருடையது என்ற கேள்வியே வேண்டாம், பொழுதுபோக்குக்குப் பயன்படக்கூடிய எந்த நீரிலும் பொதுமக்கள் போகலாம் என்றது தீர்ப்பு. வழக்கமாக நீர் ஏறும் உயரக்கோடு வரை உரிமை உண்டு. தடை எதிர்ப்பட்டால், நிலத்துக்குச் சேதமில்லாத வகையில் கரையேறிச் சுற்றிப் போகலாம். அதே ஆண்டு பீவர்ஹெட் ஆறு தொடர்பான ஹில்ட்ரெத் வழக்கிலும் இதையே உறுதிப்படுத்தியது.

அந்தத் தீர்ப்பின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. சாட்சிக் கூண்டில் மரக்கட்டை நிற்க வேண்டியதில்லை. ஆறே நிற்கிறது. படகு போகிறதா? போகிறது. முடிந்தது.

மறுவருடமே சட்டமன்றம் ஆற்றணுகல் சட்டத்தை இயற்றியது. பண்ணைக்காரர்களும் அதில் பங்கெடுத்துக் கொண்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால்தான் அது நிலைத்தது. ஆற்றுக்குள் உரிமை உண்டு, ஆற்றை அடைவதற்காகத் தனியார் நிலத்தைக் கடக்க உரிமை இல்லை. வேட்டை முதலியவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆற்றுக்கு வந்தவர் விழுந்து அடிபட்டால் நிலத்துக்காரரை எளிதில் பொறுப்பாக்க முடியாது. 1987-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை ஆராய்ந்து, சில பகுதிகளை நீக்கியது. சுற்றிப் போகும் பாதைக்கு நிலத்துக்காரர் செலவழிக்க வேண்டும் என்ற விதியும் அதில் போயிற்று. அதுவும் சரியே. பொதுமக்களின் உரிமைக்குப் பொதுமக்கள்தான் செலவழிக்க வேண்டும்.

பிறகு சண்டை பாலங்களுக்கு நகர்ந்தது. கிராமச் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில், சாலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கலாமா? ரூபி ஆற்றில் நிலம் வாங்கியிருந்த பெரும் செல்வர் ஒருவர் பாலத்தோடு ஒட்டி வேலி போட்டார். 2009-இல் சட்டமன்றம், மாடு வெளியேறாதபடியும் மனிதர் இறங்கும்படியும் வேலி அமைக்கலாம் என்று வழி வகுத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றமும், பொதுச் சாலையின் எல்லைக்குள் நின்று ஆற்றில் இறங்கும் உரிமையைக் காத்துத் தந்தது. உரிமை தாளில் இருந்து கதவு பூட்டியிருந்தால் என்ன பயன் என்பதை மொன்டானா புரிந்துகொண்டிருக்கிறது.

நிலத்துக்காரரின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தலைமுறையாகப் பண்ணை நடத்துகிறவர்களின் முறையீடுகளை அக்கறையோடு கேட்க வேண்டும். போகிற கூட்டம் பாட்டில்களை வீசிவிட்டுப் போகிறது. ட்ரவுட் மீன் முட்டையிடும் கூழாங்கல் திட்டுகளை மிதித்துக் கலைக்கிறது. கோடை மாலையில் வீட்டு முற்றத்துக்கு எதிரே அந்நியர் கூச்சல். வேலியைத் தாண்டி நாய் ஓடிக் கன்றுகளை விரட்டுகிறது. இவை உண்மையான துன்பங்கள். குப்பைக்கு அபராதம் போடலாம். முட்டையிடும் பருவத்தில் சில இடங்களை மூடலாம். கூட்டம் மிகுந்த ஆற்றில் நாளுக்கு இத்தனை படகு என்று வரம்பு வைக்கலாம். இந்தத் துன்பங்களில் பெரும்பாலானவை, மிதந்து போகிறவரின் காலடி படுவதால் வருபவை அல்ல. தவறு செய்பவரைத் தண்டிப்பதற்குப் பதிலாக, தவறே செய்யாதவரின் வழியை அடைப்பது நீதியாகாது.

இன்னொரு வாதம் விலை பற்றியது. ஆறு தனியாக இருக்கும் என்று நம்பித்தான் அதிக விலை கொடுத்து வாங்கினோம் என்கிறார்கள். விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு எப்படி வரும்? பொதுவழிக்குக் கட்டுப்பட்டு வந்த நிலம், எத்தனை கை மாறினாலும் பொதுவழிக்குக் கட்டுப்பட்டுதான் இருக்கும்.

யூட்டா முன்னேறிப் பின்வாங்கியது. வீபர் ஆற்றில் மிதந்து வந்த ஒரு தம்பதி தொடர்ந்த வழக்கில், 2008-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், நீரில் போகும் உரிமைக்குள் படுகையைத் தொடும் உரிமையும் அடங்கும் என்றது. இரண்டே ஆண்டில் சட்டமன்றம் தனியார் படுகைகளைப் பொறுத்தவரை அதைப் பறித்தது. மக்கள் திரும்பவும் மரக்கட்டைச் சான்றுகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 2017-இல் வீபர் ஆற்றின் ஒரு மைலுக்கு மட்டும் அப்படி வென்றார்கள். ஒரு மைல்! நியூ மெக்சிகோ நேர்வழியில் போனது. தனியார் நிலத்தில் ஓடும் ஆறுகளை மூடிக்கொள்ளச் சான்றிதழ் வழங்கிய ஆணைய விதியை 2022-இல் அதன் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. மிதக்கவும் மீன்பிடிக்கவும் உரிமை இருந்தால், அதற்குத் தேவையான அளவு படுகையைத் தொடும் உரிமையும் கூடவே வரும் என்றது.

பிரிட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். 1976-இல் ஸ்பே ஆற்றில் கேனோ செல்லலாம் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததும் பழைய மரமிதப்பின் சான்றால்தான். ஸ்காட்லாந்து அதோடு நிற்காமல் 2003-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் உள்நாட்டு நீர்நிலைகளில் போகலாம் என்றாக்கியது. இங்கிலாந்து 2000-இல் மலைவெளிகளையும் பொதுப் புல்வெளிகளையும் நடப்போருக்குத் திறந்துவிட்டபோது ஆறுகளை விட்டுவிட்டது. ட்வீட் ஆற்றுக்கு வடக்கே உரிமை, தெற்கே கெஞ்சல் என்ற நிலை இன்னும் நீடிக்கிறது.

கொலராடோவுக்குத் திரும்புகிறேன். 2010-இல் கன்னிசன் கவுன்ட்டியின் டெய்லர் ஆற்றில், கரை நிலத்தை வாங்கிய ஒருவர் ராஃப்ட் கம்பெனிகளைப் போகக்கூடாது என்றார். மிதக்கும் உரிமையைத் தெளிவாக்க ஒரு மசோதா வந்தது. கீழவையில் நிறைவேறியது, மேலவை அதை ஆய்வுக்கு அனுப்பிவிட்டது. இரு தரப்பும் வாக்கெடுப்புக்கு ஆயத்தமானதும் ஆளுநர் ரிட்டர் தலையிட்டுச் சமரசம் செய்துவைத்தார். அந்த ஆற்றின் தகராறு அடங்கியது, சட்டம் மட்டும் பழையபடியே இருந்தது. ஆர்க்கன்சா ஆற்றில் 2012-இல் நின்று தூண்டில் போட்ட முதியவர் மீது கரையிலிருந்து கல் எறிந்தார்கள். அவர் 2018-இல் வழக்குப் போட்டார். 1876-க்கு முன் அந்த ஆற்றில் சிலீப்பர் கட்டைகள் மிதந்தன, ஆகவே படுகை மாநிலத்துடையது என்றார். மாநில அரசு அவர் பக்கம் நிற்கவில்லை. எதிர்த்து நின்றது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், படுகை மாநிலத்துடையது என்று வாதிடும் தகுதி தனிமனிதருக்குக் கிடையாது, மாநிலம்தான் கேட்க வேண்டும் என்று திருப்பியனுப்பியது. மக்களின் சொத்தைக் காக்க வேண்டிய அரசே அதை மீட்க மறுத்தால் மக்கள் எங்கே போவது?

அதற்கு விடை அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது, நம் நாட்டுக்கும் அது வந்திருக்கிறது. சிகாகோவின் ஏரிப் படுகையை ரயில்வே கம்பெனிக்குத் தாரைவார்த்த இல்லினாய்ஸ் சட்டமன்றத்தின் செயலை 1892-இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நீர்நிலைகளின் அடிநிலத்தை அரசு மக்களுக்காகக் காவலாளியாக வைத்திருக்கிறது, விற்றுத் தீர்க்க முடியாது என்றது. பொது நம்பிக்கைக் கோட்பாடு என்பது இதுதான். பியாஸ் ஆற்றின் போக்கைத் தன் விடுதிக்காகத் திருப்பிய கம்பெனி தொடர்பான கமல்நாத் வழக்கில், 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு இந்தக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. கொலராடோ நீதிமன்றங்கள் இன்றுவரை ஏற்க மறுக்கும் கோட்பாடு அது.

நம்மிடம் அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, பிறருக்கு உரியவை என்று நிலைநாட்டப்பட்டவை நீங்கலாக, ஆறு, ஓடை, ஏரி, குளங்களின் படுகைகளை அரசின் சொத்து என்கிறது. ஆற்றுப் புறம்போக்கு என்று நம் ஊரில் எல்லோரும் அறிந்தது அதைத்தான். படுகை யாருடையது என்று மொன்டானா மக்கள் வழக்காடி விலக்க வேண்டியிருந்த கேள்விக்கு, நம் சட்டம் நூறாண்டுக்கு முன்பே பெரும்பாலும் விடை எழுதிவிட்டது. அந்த விடை பதிவேட்டில் மட்டும் கிடக்கிறது. கரையோரத்தில் சுற்றுச்சுவர் எழும்பும்போது, நீருக்கு இறங்கும் பாதையில் பூட்டுத் தொங்கும்போது, கேட்பாரில்லை.

மாணவர்களே, கமல்நாத் தீர்ப்பையும் 1984-ஆம் ஆண்டின் மொன்டானாத் தீர்ப்பையும் முழுதாகப் படியுங்கள். படித்த பிறகு உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், உங்கள் ஊர் ஆற்றுக்கான அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஆற்றுக்கு இறங்கும் வழி அதில் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது அடைபட்டிருந்தால் மனுக் கொடுங்கள்.